நல்ல தண்ணீரை மட்டுமே குடிக்கவும்

போர்டு மாட்டிவிட்டு வந்த நாளிலிருந்து சாபிராவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. வேலை முடிந்துவிட்டது. எண்ணூரைத் தாண்டி, கழிமுகத்தை ஒட்டிய புன்னைக்குப்பத்தில், பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியின் தூணில் அந்தப் போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. நீலத் தகரத்தில் வெள்ளை எழுத்து. ‘நல்ல தண்ணீரை மட்டுமே குடிக்கவும். கெட்ட தண்ணீரைக் குடிக்காதீர்.’ வாசகம் அவளுடையதுதான். பெயின்டர் எழுதும்போது பக்கத்தில் நின்று ஒற்றெழுத்து முதற்கொண்டு சரிபார்த்திருந்தாள். இருந்தும், அடுப்பை அணைக்காமல் வெளியூர் வந்துவிட்டவள் மாதிரி மனம் திரும்பத் திரும்ப அங்கேயே போய் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். வண்ணாரப்பேட்டையில் அவர்கள் வீட்டுக் கிணறு உப்பு. பாத்திரம் துலக்கவும் துணி அலசவும் அது. குடிக்க, தெருக்குழாயிலிருந்து மங்கம்மா கொண்டுவந்து ஊற்றுவாள். கிணற்றில் இறைத்தது ஒன்றும் குழாயில் பிடித்தது ஒன்றுமாக இரண்டு குடத்தோடு மங்கம்மா வாசலில் நின்றாள். அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னாள்:

“மங்கம்மா, கெணத்துத் தண்ணிய முத்தத்துல வச்சிட்டு, நல்ல தண்ணிய உள்ள கொண்டா.”

சாபிராவின் சீப்பு பாதிக் கூந்தலில் நின்றுவிட்டது.

பிறந்ததிலிருந்து கேட்கிற பேச்சு. உப்புக் கரிக்காத தண்ணீர் நல்ல தண்ணி. கரிக்கிற தண்ணீர் உப்புத் தண்ணி, ஒன்றுக்கும் உதவாத தண்ணி. பட்டணம் முழுக்க அப்படித்தான். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. போர்டுக்கு வாசகம் எழுதிய அன்று மட்டும் அவள் இந்தத் தமிழை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

புன்னைக்குப்பத்தில் இரண்டு தண்ணீர். ஒன்று, போன வருஷம் போர் போட்டு, ஆயில் எஞ்சின் வைத்து, தொட்டி கட்டி, நாலு குழாயில் விட்ட தண்ணீர். கொஞ்சம் கரிக்கும். பிளீச்சிங் பவுடர் கலப்பதால் மருந்து வாடையும் அடிக்கும். இன்னொன்று அம்மன் ஊத்து. மணல்மேட்டின் அடியில், கோயிலுக்குப் பின்னால், கையால் தோண்டினாலே சுரக்கிற தண்ணீர். இளநீர் மாதிரி இனிக்கும் என்பார்கள். எத்தனையோ தலைமுறையாகக் குப்பம் குடித்தது அதைத்தான்.

மழைக்காலம் முடிந்ததும், தான் வேலை பார்க்கும் சர்க்கார் ஆய்வுச்சாலையிலிருந்து சாபிரா இரண்டையும் சோதனைக்கு எடுக்கப் போனாள். கண்ணாடிப் புட்டிகள் அடுக்கிய மரப்பெட்டியோடு அவள் வண்டியை விட்டு இறங்கியதைப் பார்த்து, மதுவிலக்குக்காரர்கள் பெண்ணை அனுப்பியிருக்கிறார்கள் என்று இரண்டு பேர் தோப்புக்குள் ஓடினார்கள். அன்றிலிருந்து குப்பத்தில் அவளுக்குப் பெயர் பாட்டிலம்மா. அவள் யாரிடமும் பேசவில்லை. பேசவும் வராது. புட்டிகளை நிரப்பினாள், மூடினாள், வந்துவிட்டாள்.

குழாய்த் தண்ணீர் ஊற்றிய சோதனைக் குழாய்கள் தெளிவாகவே இருந்தன. அம்மன் ஊத்துத் தண்ணீர் ஊற்றியவை மறுநாளே கலங்கிவிட்டன. கிருமி இருப்பதற்கு அடையாளமாக, உள்ளே கவிழ்த்து வைத்த சிறு குழாய்களில் காற்று ஏறி நின்றது. அந்தக் கிருமி எங்கிருந்து வருகிறது என்பதிலும் ஐயமில்லை. மணல்மேட்டின் மேலே தாழம்புதர்கள். குப்பம் முழுவதும் காலையில் ஒதுங்குகிற இடம் அது. மழை பெய்தால் அங்கிருந்து இறங்குவது நேரே ஊத்துக்குத்தான். அறிக்கையில் அதற்குரிய ஆங்கிலச் சொல்லை அவள் கை கூசாமல் எழுதினாள். தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் பேனா நகரவில்லை.

பஞ்சாயத்து குமாஸ்தா கிருஷ்ணப்பன் வேறு வந்து கெஞ்சினார். அம்மன் பெயரைப் போட்டு அந்தத் தண்ணீர் ஆகாது என்று எழுதினால் போர்டும் இருக்காது, தானும் இருக்க முடியாது என்றார். அவருக்கும் தனக்கும் சங்கடமில்லாத சொல்லாகப் பார்த்து, நல்லது, கெட்டது என்று எழுதிக் கொடுத்தாள். கிருஷ்ணப்பனுக்கு மகா திருப்தி. அதிகாரிக்கும் திருப்தி. ஆற்றுக்கு அக்கரையில் இரண்டு வீட்டில் வாந்திபேதி என்று சனிக்கிழமை செய்தி வந்தபோதுகூட, புன்னைக்குப்பத்தில் போர்டு வைத்தாயிற்றா என்று அதிகாரி கேட்டார். வைத்தாயிற்று என்றாள்.

இப்போது அந்தப் போர்டைக் குப்பத்துக் கண்ணால் படித்துப் பார்த்தாள். அம்மன் ஊத்துத் தண்ணீரை மட்டுமே குடிக்கவும். குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்.

பின்னலைப் பாதியில் முடிந்துகொண்டு எழுந்தாள். அத்தா யானைக்கவுனிக்குப் போயிருந்தார். அவர் வரட்டும் என்று அம்மா எவ்வளவோ சொன்னாள். பெண்பிள்ளை லீவு நாளில் தனியாகக் கடற்கரைக் குப்பத்துக்குப் போகிற அவசரம் என்ன என்றாள். சாபிராவுக்கு விளக்கத் தெரியவில்லை. தண்ணீரில் ஒரு தப்பு நடந்துவிட்டது என்று மட்டும் சொன்னாள். துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

திருவொற்றியூர் பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆளை ஏற்றிக்கொண்டு நின்றது. அவள் உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. திருவொற்றியூரில் எண்ணூர் பஸ்ஸைக் காணோம். காத்து நிற்க முடியாமல் ஒரு ஜட்காவில் ஏறினாள். வழியில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று ஆடி அசைந்து வந்தது. பெட்டி, பெட்டியாக, அதற்கு முடிவே இல்லை என்பது போல. குதிரை காலை மாற்றி மாற்றி வைத்தது. அவளும் வண்டிக்குள் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள்.

எந்தக் குப்பம் என்று வண்டிக்காரர் கேட்டார். சொன்னாள்.

“அட, கல்யாணத்துக்கா? பூவம்மா பொண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம். மாப்ள வூட்டுக்காரங்க பயவேற்காட்டுலேந்து தோணி கட்டிகினு வராங்க. இன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள வந்துருவாங்க.”

வருகிறவர்களுக்கு முதலில் என்ன கொடுப்பார்கள் என்று கேட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்ததால் இன்னொரு தரம் கேட்க வேண்டியிருந்தது.

“பானகந்தான். உப்புக் காத்துல வர்றவங்களுக்கு வேற இன்னா குடுப்பாங்க?”

கேட் திறந்தது.

புன்னைக்குப்பத்தில் இறங்கியதும் அவள் முதலில் கவனித்தது சத்தம் இல்லாததை. தொட்டியின் அடியில் எஞ்சின் ஓடவில்லை. எஞ்சின்காரர் நீலமேகம் அதன்மேல் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து நின்று, போர்டைக் காட்டி, முகமெல்லாம் சிரித்தார். ரொம்ப நியாயமான போர்டு என்றார். அது வந்த பிறகு எஞ்சினுக்கு வேலையே இல்லையாம். கொஞ்ச நஞ்சம் குழாய்க்கு வந்துகொண்டிருந்த பெண்களும், சர்க்காரே சொல்லிவிட்டதென்று ஊத்துக்குத் திரும்பிவிட்டார்களாம். ஆம்பிளைகளுக்குத்தான் அதில் வருத்தம் என்றார்.

“அவங்களுக்கு என்ன வருத்தம்?” என்றாள் சாபிரா.

“கெட்ட தண்ணி குடிக்காதேன்னு போட்டுகீதே. சாராயத்தத்தான் சொல்றாங்கன்னு கம்முனு பாத்துட்டுப் போறாங்க. பாட்டிலம்மா எய்துனதாச்சே, வேற இன்னாவா இருக்கும்?”

நிலைமை வேறாக இருந்தால் சாபிரா சிரித்திருப்பாள். எஞ்சினை இப்போதே ஓட்டச் சொன்னாள். தொட்டி நிறையட்டும், பவுடர் அளவு குறையாமல் கலக்கட்டும் என்றாள். நீலமேகம் வெற்றிலையைத் துப்பிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். எஞ்சின் சக்கரத்தைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தார்.

பந்தல் கோயிலுக்கு முன்னால் போட்டிருந்தது. தென்னங்கீற்று, மாவிலை, நடுவில் பூவம்மா. மணப்பெண்ணின் தாய். பருத்த உடம்பு, மீன் அங்காடியில் நாலு தெருவுக்குக் கேட்கிற தொண்டை. பந்தலின் ஓரத்தில் இரண்டு பெரிய பீப்பாய்கள். ஒன்றில் தண்ணீர், தளதளவென்று. இன்னொன்றில் வெல்லம் கரைத்துக்கொண்டிருந்தார்கள். ஏலக்காய் வாசனை அடித்தது. இரண்டு பெண்கள் இன்னும் ஊத்துப் பக்கமிருந்து குடங்களோடு வந்துகொண்டிருந்தார்கள். கடற்பக்கம் நின்ற யாரோ, தோணிப் பாய் தெரிகிறது என்று கூவினார்கள்.

“பாட்டிலம்மா வந்துகீது, பாரு. கல்யாணச் சேதி பட்டணம் வரைக்கும் போயிகீது,” என்றாள் பூவம்மா. “வா, வா. அங்க குந்து. அடியே, இவங்களுக்கு ஒரு சொம்பு பானகம் மொண்டா.”

சொம்பு வந்தது. சாபிரா அதைக் கையில் வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை. இந்தத் தண்ணீர் உடம்புக்கு ஆகாது என்று மெதுவாகச் சொன்னாள். யார் காதிலும் விழவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னாள். பக்கத்தில் இருந்த பெண், சளி பிடித்திருக்கிறதா, சுக்கு போட்டுத் தரட்டுமா என்றாள்.

கிருஷ்ணப்பன் பட்டு அங்கவஸ்திரத்தோடு முன்வரிசையில் இருந்தார். அவளைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. வேண்டாம், வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

அவள் பூவம்மாவுக்கு அருகில் போய் நின்றாள். ஊத்துத் தண்ணீரைப் பரிசோதித்ததில் கிருமி இருக்கிறது என்றாள். பூவம்மா பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்தாள். அடிப்பலகை தெரிகிற தண்ணீரில் எது கிருமி, காட்டு என்றாள். கண்ணுக்குத் தெரியாது என்று சாபிரா சொன்னதும் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கண்ணுக்குத் தெரியாததைப் பிடிக்கத்தான் அவ்வளவு பெரிய பெட்டியா என்று ஒருத்தி கேட்டாள்.

“இன்னாம்மா நீ, டபாய்க்கிறியா?” என்றாள் பூவம்மா. சிரிப்பு போய்விட்டிருந்தது. “நல்ல தண்ணிதான் குடிக்கணும்னு நீயே எய்தி மாட்டிகினு போன. நான் படிக்கலன்னாலும் எம்பொண்ணு படிச்சிச் சொல்லிச்சி. நாளைக்கு விடிஞ்சா அது ஊத்தாண்ட நின்னு அம்மன் தண்ணி மூணு மொடக்கு குடிச்சாத்தான் தாலி. என் மாமியா குடிச்சா, நான் குடிச்சேன். இப்ப வந்து கெட்டதுன்னா இன்னா அர்த்தம்?”

பந்தலின் உட்புறம் மஞ்சள் பூசிய முகத்தோடு மணப்பெண் எட்டிப் பார்த்தாள். சாபிராவைவிட இளையவள்.

தோணிகளிலிருந்து மேளச்சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. வெல்லம் கரைத்தவள் துடுப்பை எடுத்துத் தட்டிவிட்டு, பானகம் தயார் என்றாள்.

சாபிரா சொல் தேடினாள். ஆகாத தண்ணீர், கெட்ட தண்ணீர், கிருமி, அசுத்தம். வரிசையாகச் சொற்கள் வந்தன. எல்லாம் குளித்து முழுகி, வெள்ளை உடுத்திக்கொண்டு வந்தன. இவற்றில் ஒன்றாலும் அந்தப் பீப்பாயைக் கவிழ்க்க முடியாது. கவிழ்க்கக்கூடிய சொல் ஒன்றுதான் இருந்தது. அதை அவள் குழந்தையாக இருந்தபோது சொன்னதோடு சரி. அதற்குப் பிறகு வீட்டில்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

“அதுல பீ கலந்துகீது,” என்றாள்.

அவள் வீட்டில் இப்படிப் பேசமாட்டார்கள். வார்த்தை மங்கம்மாவின் வாயிலிருந்து வருகிற மாதிரி வந்தது. அதனால்தானோ என்னவோ எல்லோருக்கும் கேட்டது.

“மேட்டு மேல தாழம்புதராண்ட நீங்க ஒதுங்கறீங்க இல்ல? மழ பேஞ்சா அது அப்டியே மணல்ல எறங்கி ஊத்துல சேருது. அம்மன் தண்ணி சுத்தந்தான். நம்ம பீதான் அதுல கெடக்கு. அத்தத்தான் நான் போர்டுல எய்தாம வுட்டுட்டேன். எய்த வெக்கமா இருந்துச்சி. குழாத் தண்ணி கரிக்கும், ஆனா அதுல இது இல்ல. அக்கரையில ரெண்டு வூட்டுல வாந்திபேதி. அவுங்க குடிச்சதும் இப்டி இனிக்கிற தண்ணிதான்.”

கிருஷ்ணப்பன் அங்கவஸ்திரத்தால் வாயைப் பொத்திக்கொண்டார். கூட்டத்தின் பின்னால் சொம்பும் கையுமாக நின்ற ஒரு கிழவர் வாயில் இருந்ததை மணலில் துப்பினார். பக்கத்தில் இருந்தவரும் துப்பினார். சாபிரா கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். அவள் கீழே பார்த்தபடியே நின்றாள். ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடவில்லை.

பூவம்மா பீப்பாயைப் பார்த்தாள். மணல்மேட்டைப் பார்த்தாள். அங்கிருந்து பார்வையை அப்படியே ஊத்து வரைக்கும் இறக்கிக்கொண்டு வந்தாள். சரிவு எல்லோருக்கும் தெரிந்த சரிவுதான். தினமும் ஏறி இறங்குகிற சரிவு.

பிறகு சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, காலால் ஒரு உதை விட்டாள். பானகப் பீப்பாய் ஆடியது, சாயவில்லை.

“பாத்துகினு நிக்கறீங்களே. புடிங்கடா,” என்றாள்.

நாலு பேர் சேர்ந்து கவிழ்த்தார்கள். வெல்லத் தண்ணீர் மணலில் நுரைத்து இறங்கிப் போயிற்று. அடுத்தது மற்றப் பீப்பாய். குடத்தோடு வந்த பெண்கள் வந்த இடத்திலேயே சாய்த்துவிட்டார்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். யார் யார் எந்தப் புதருக்குப் போகிறவர் என்ற பழைய வழக்கு ஒன்று கிளம்பி, அதில் ஒரு மாமனும் மைத்துனனும் கையை ஓங்கிக்கொண்டார்கள். தொட்டியின் அடியில் எஞ்சின் தடதடத்துக்கொண்டிருந்தது. பூவம்மா பெண்களைக் குழாய்க்கு விரட்டினாள்.

குழாய்த் தண்ணீரில் புதுப் பானகம் கரைத்தார்கள். இருக்கிற வெல்லம், எலுமிச்சை, ஏலக்காய் எல்லாவற்றையும் கொட்டியும் மருந்து வாடை போகவில்லை. முதல் சொம்பை பூவம்மா சாபிராவிடம் நீட்டினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாபிரா அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தாள். உப்பும் இனிப்பும் பிளீச்சிங் பவுடருமாக, வாயில் வைக்க விளங்கவில்லை.

“எப்டி கீது?”

“கரிக்குது,” என்றாள்.

பூவம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்து இறங்கிய சம்பந்தி வீட்டார் முகம் சுளித்துக் குடித்தார்கள். மாப்பிள்ளையின் மாமன், பட்டணத்துக்காரர்கள் பானகத்திலும் சோப்பு போடுவார்களா என்று கேட்டார். இது டாக்டரம்மா கைப்பட்ட பானகம், மறு வார்த்தை பேசாமல் குடி என்று பூவம்மா அடக்கினாள்.

அத்தோடு சாபிரா கிளம்பியிருக்கலாம். வண்டிக்காரர் காத்திருந்தார். ஆனால் விடியற்காலையின் மூன்று மிடறு அவளை விடவில்லை. பந்தலைச் சுற்றி வந்தாள். மணப்பெண் இருந்த பக்கம் போனாள், திரும்பினாள். மறுபடி போனாள். கடைசியில் பூவம்மாவே கூப்பிட்டாள்.

அம்மன் தண்ணீர் இல்லாமல் தாலி இல்லை, அதை மாற்றத் தன்னால் ஆகாது என்றாள். சாபிரா, காய்ச்சிக் கொடுக்கலாம் என்றாள். அம்மன் தண்ணீரை அடுப்பில் ஏற்றுவதா என்று ஒரு கிழவி ஆரம்பித்தாள். பூவம்மா அவளைக் கையமர்த்தினாள். அம்மனுக்கே பொங்கல் அடுப்பில்தான் வைக்கிறோம், கொதித்தால் அம்மன் ஓடிப்போய்விடுவாளா என்றாள்.

பந்தலுக்குப் பின்னால் மூன்று கல் வைத்து, சவுக்கு விறகு மூட்டினார்கள். பித்தளைத் தவலையில் ஊத்துத் தண்ணீர். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. மணப்பெண் மஞ்சள் முகத்தோடு வந்து, தன் மூன்று மிடறு வேகிறதை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். தவலையின் ஓரத்தில் சிறு குமிழிகள் வந்தன. பூவம்மா விறகை இழுக்கப் போனாள்.

“இன்னும் கொதிக்கட்டும்,” என்றாள் சாபிரா.

குமிழிகள் பெரிதாகி நடுவிலிருந்து எழும்பின.

“போதுமா?”

“இன்னும் கொஞ்சம்.”

“குந்தேன் பாட்டிலம்மா. நீ நிக்கறதப் பாத்தா எனக்கே பேஜாரா கீது. இது தண்ணிதான், ஓடிப்போயிடாது.”

சாபிரா உட்காரவில்லை. தவலையைச் சுற்றி அந்தப் பக்கம் போய் நின்றாள். அங்கிருந்து தொட்டித் தூண் தெரிந்தது. போர்டைக் காணோம். நீலமேகம் அதைக் கழற்றி, எழுத்து உள்பக்கமாகப் போகும்படி எஞ்சின்மேல் சாய்த்து வைத்திருந்தார். புதிதாக என்ன எழுதுவது என்று அவள் யோசித்தாள். அதற்கு அவசியம் இருக்குமா என்றும் தோன்றியது. குடத்தோடு குழாய்க்குப் போன இரண்டு பெண்கள், மணல்மேட்டைக் காட்டி, அவள் சொன்ன அந்த ஒரு சொல்லைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

தவலை கொதித்துக்கொண்டிருந்தது. அவள் இன்னொரு விறகைத் தள்ளினாள்.